எரிமலையைப் படிப்பதும் அதன் அடிவாரத்து ஊர்களைக் காப்பதும்: படிப்படியான முழுமையான வழிகாட்டி

1985-ஆம் ஆண்டு அக்டோபர் 7 அன்று கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையின் அபாய வரைபடம் வெளியானது. மலை வெடித்தால் உச்சியிலுள்ள பனி உருகி, சேற்றுப் பெருக்காக ஆறுகளின் வழியே இறங்கும் என்பதும், ஆர்மெரோ நகரம் அதன் பாதையிலேயே இருக்கிறது என்பதும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. 37 நாட்கள் கழித்து, நவம்பர் 13 இரவு 9 மணியளவில் மலை வெடித்தது. வரைபடம் காட்டிய வழியிலேயே சேறு இறங்கியது. அது ஆர்மெரோவை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நகரத்தை ஒட்டியிருந்த மேட்டு நிலத்துக்கு நடந்து ஏற அவ்வளவு நேரம் தேவையே இல்லை. இருந்தும் அன்றிரவு ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர்.

1991 மே 23 அன்று ஃபிலிப்பைன்ஸ் நாட்டின் பினாட்டுபோ மலைக்கு இதேபோன்ற ஒரு வரைபடம் அதிகாரிகளிடம் கொடுக்கப்பட்டது. 23 நாட்கள் கழித்து, ஜூன் 15 அன்று, ரூயிஸ் வெடிப்பைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய வெடிப்பு அங்கே நிகழ்ந்தது. உயிரிழப்பு சில நூறுகளோடு நின்றது. உரிய காலத்தில் நடந்த வெளியேற்றம் குறைந்தது 5,000 உயிர்களைக் காத்தது என்பது பின்னர் செய்யப்பட்ட மதிப்பீடு.

இரண்டு வரைபடங்களும் சரியானவையே. ஒரு வரைபடம் தாளாகவே நின்றுவிட்டது. மற்றொன்று மக்களின் கால்களை நகர்த்தியது. இந்த இடைவெளியை மனத்தில் வைத்தே கீழ்க்காணும் படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். புவியியல் மாணவருக்கும், பேரிடர் நிர்வாகத்தில் பணிபுரிவோருக்கும், எரிமலை நாடுகளில் வாழ்வோருக்கும் பயணம் செய்வோருக்கும் இவை பயன்படும்.

முதற்படி: மலையின் பழங்கணக்கைத் தோண்டி எடுத்தல்

எரிமலை அடுத்து என்ன செய்யக்கூடும் என்பதற்கு, அது முன்பு என்ன செய்தது என்பதே முதற்சான்று. மனித நினைவு இதற்குப் போதாது. பினாட்டுபோ சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய மலை. காடு மூடிக் கிடந்த அதனை அடிவாரத்து ஊர்களில் பலர் எரிமலை என்றே நினைத்ததில்லை. ஆகவே நினைவைக் கேட்பதோடு மண்ணையும் கேட்க வேண்டும்.

மலையைச் சுற்றியுள்ள சாலை வெட்டுகள், ஆற்றங்கரைச் சரிவுகள், கல் குவாரிகள் ஆகியவையே இந்தப் பணிக்கான ஏடுகள். ஒரு சரிவின் முன் நின்று அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். மேடு பள்ளம் என்ற வேறுபாடின்றி எங்கும் ஏறத்தாழ ஒரே கனத்தில் போர்வை போலப் படிந்த நுரைக்கல் அடுக்கு இருந்தால், அது வானிலிருந்து விழுந்த சாம்பல். பள்ளத்தாக்குகளை மட்டும் நிரப்பி, பொடியும் பெருங்கல்லும் தரம் பிரியாமல் கலந்து, நடுவே கரியான மரத்துண்டுகளோடு கிடந்தால், அது சுடுசாம்பல் பெருக்கு. இறுகிய சேற்றினுள் உருண்டைப் பாறைகள் பொதிந்திருந்தால், அது சேற்றுப் பெருக்கு. உலகெங்கும் ஆய்வாளர்கள் இதனை ‘லாஹார்’ என்ற ஜாவானியச் சொல்லால் அழைக்கின்றனர். கரித்துண்டைக் கார்பன்-14 முறையில் ஆய்ந்தால், அந்த மரம் எரிந்த காலம் தெரியும். ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு தொலைவு வரை செல்கிறது, எங்கே மெலிகிறது என்று அளந்து குறித்தால், பழைய வெடிப்புகளின் எல்லை கண்முன் விரியும். பினாட்டுபோவில் அந்த எல்லை, மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளுக்குள்ளும் பெரிய விமானப்படைத் தளம் ஒன்றின் அருகிலும் வந்து நின்றது. அதைக் கண்ட பிறகே ஆய்வாளர்களின் கவலை பன்மடங்கானது.

ஆர்மெரோவும் இவ்வாறே பேசியது. 1845-இல் சுமார் ஆயிரம் பேரைப் புதைத்த சேற்றின்மீதே அந்த நகரம் பின்னர் எழுந்தது. அதற்கும் முன்னதாக 1595-இலும் அதே மலையிலிருந்து சேறு இறங்கியிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வெடிப்பின் அளவை 0 முதல் 8 வரையிலான குறியீட்டால் குறிப்பிடுகிறோம். பெரும்பாலான படிகளில் ஒரு படி ஏறினால் வெளியேறும் பொருளின் அளவு ஏறத்தாழ பத்து மடங்காகும். பினாட்டுபோ 6, ரூயிஸ் 3. வெடிப்பு சிறியது என்பதால் துயரமும் சிறியதாக இருக்கும் என்று ஒருபோதும் கணக்கிடக் கூடாது.

இரண்டாம் படி: எந்த ஆபத்து எங்கே வரும் என்று பிரித்தறிதல்

எரிமலை என்றதும் சிவந்து வழியும் லாவாதான் நம் கண்முன் வருகிறது. ஆனால் லாவா பெரும்பாலும் மெல்ல நகரும். வீட்டையும் வயலையும் அழிக்கும், ஆளுக்கு விலகிச் செல்ல நேரம் தரும். உயிரைக் குடிப்பவை பிற.

அவற்றுள் கொடியது சுடுசாம்பல் பெருக்கு. நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயுவும் சாம்பலும் கல்லும் ஒன்றாகக் கலந்து, மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் சரிவில் பாயும். 1902 மே 8 அன்று மார்ட்டினிக் தீவின் செயின்ட் பியர் நகரத்தில் ஏறத்தாழ 28,000 பேர் சில நிமிடங்களில் இறந்தது இதனால்தான். இதற்கு எதிராக ஒளிந்துகொள்ளும் இடம் என்று எதையும் நம்பக் கூடாது. இந்தோனேசியாவின் மெராபி மலையில் 2006-ஆம் ஆண்டு நிலத்தடிப் பதுங்கு அறைக்குள் தஞ்சம் புகுந்த இருவர் அங்கேயே மாண்டனர். முன்கூட்டியே அந்த இடத்தைவிட்டு நீங்குவது ஒன்றே வழி.

அடுத்தது லாஹார். ஈரக் கான்கிரீட் போன்ற அடர்த்தியோடு, வீட்டளவுப் பாறைகளையும் சுமந்து, ஆற்றின் போக்கிலேயே பல பத்துக் கிலோமீட்டர் ஓடக்கூடியது. மலை கண்ணுக்கே தெரியாத தொலைவிலுள்ள ஊரும் இதற்கு இரையாகலாம். ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு: இது பள்ளத்தைத் தேடியே ஓடும். சில பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். சுடுசாம்பலுக்குத் தொலைவு, சேற்றுக்கு உயரம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர முடியும்.

சாம்பல் பொழிவு பரந்த நிலத்தைத் தாக்குவதால், அதைத் தனிப் படியாகக் கீழே சொல்கிறேன். வாயு ஆபத்துக்குக் கேமரூனின் நியோஸ் ஏரியே கொடிய சான்று. 1986 ஆகஸ்ட் 21 அன்று ஏரியடியிலிருந்து கிளம்பிய கார்பன் டை ஆக்சைடு சுமார் 1,700 பேரை மூச்சுத் திணறச் செய்து கொன்றது. கடலோர மக்கள் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2004-க்குப் பிறகு நம் கடற்கரைகளில், நிலம் அதிர்ந்தால் கடல் வரும் என்ற பாடம் பதிந்திருக்கிறது. 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவில் அனாக் கிரகட்டாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தபோது, மக்களை எச்சரிக்கும் அளவுக்கு நிலநடுக்கம் எதுவும் முன்னால் வரவில்லை. அலை மட்டும் வந்தது. 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மூன்றாம் படி: மலையின் நாடி பிடித்தல்

எரிமலைக்கு மூன்று நாடிகள் உண்டு: அதிர்வு, உருமாற்றம், வாயு. இவற்றை மலை அமைதியாக இருக்கும் காலத்திலேயே அளக்கத் தொடங்க வேண்டும். உடல் நலமாக இருக்கும்போது நாடி எப்படித் துடிக்கும் என்று தெரியாத மருத்துவருக்குக் காய்ச்சலின் அளவு புரியாது.

மேலேறும் மாக்மா, அதாவது நிலத்தடியில் உருகிய பாறைக் குழம்பு, பாறையைப் பிளக்கும்போது, கூர்மையாகத் தொடங்கிச் சட்டென்று தணியும் அதிர்வுகள் பதிவாகும். அவற்றின் மையத்தையும் ஆழத்தையும் கணிக்க, மலையைச் சுற்றிப் பல திசைகளில் நில அதிர்வுமானிகள் வேண்டும். ஒரே ஒரு கருவி எண்ணிக்கையைத்தான் சொல்லும், இடத்தைச் சொல்லாது. மாக்மாவும் வாயுவும் பிளவுகளுக்குள் அழுத்தத்தோடு நகரத் தொடங்கியதும், காற்று புகுந்த தண்ணீர்க் குழாய் அதிர்வதைப் போல, மெல்லத் தொடங்கி நீளும் தாழ் அதிர்வெண் நடுக்கங்கள் தோன்றும். வரைதாளில் முன்னது ஊசி முனைகளாகவும், பின்னது ஒரே சீரான அலைகளாகவும் தெரியும். பின்னது பெருகினால் உறக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

மாக்மா சேரச் சேர மலை வீங்கும். சாய்வுமானிகளும் ஜி.பி.எஸ் நிலையங்களும் அந்த வீக்கத்தை மில்லிமீட்டர் கணக்கில் காட்டும். ஒரே இடத்தை வெவ்வேறு நாட்களில் ரேடார் செயற்கைக்கோள் எடுத்த பதிவுகளை ஒப்பிட்டும், ஆள் ஏற முடியாத மலையின் வீக்கத்தைக் கணிக்கலாம். 1980-இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையின் வடசரிவு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை புடைத்துக்கொண்டே போனது. மே 18 அன்று அந்தப் புடைப்பே சரிந்து விழுந்து, வெடிப்பு மேல்நோக்கி எழாமல் பக்கவாட்டில் பாய்ந்தது. 57 பேர் இறந்தனர். தொலைவில் நின்று மலையைக் கண்காணித்துக்கொண்டிருந்த டேவிட் ஜான்ஸ்டன் என்ற ஆய்வாளரும் அவர்களுள் ஒருவர்.

மூன்றாவது நாடி வாயு. கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் கரைந்திருந்த வாயு நுரைத்துப் பொங்குவதைப் போல, மாக்மா மேலே வந்து அழுத்தம் குறையும்போது அதில் கரைந்திருந்த வாயுக்கள் பிரிகின்றன. அவற்றுள் சல்பர் டை ஆக்சைடை அளப்பது எளிது; அது புற ஊதாக் கதிரை உறிஞ்சும் என்பதால், புகைக்கு அடியில் பறந்தோ வாகனத்தில் கடந்தோ கருவியால் கணக்கிடலாம். பினாட்டுபோவில் மே 13 அன்று நாளொன்றுக்கு 500 டன்னாக இருந்த அளவு, இரண்டே வாரத்தில் 5,000 டன்னைத் தாண்டியது. பிறகு திடீரென்று சில நூறு டன்னாகக் குறைந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். வாயு குறைந்தால் மலை அடங்குகிறது என்று மகிழத் தோன்றும். அங்கிருந்த குழு அவ்வாறு கொள்ளவில்லை. அதிர்வுகள் அதே நேரத்தில் கூடிக்கொண்டும் உச்சிக்கு அடியில் குவிந்துகொண்டும் இருந்ததால், வாயு வெளியேறும் வழி அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று அவர்கள் எண்ணினர். ஜூன் 7 அன்று, கெட்டியான லாவா வழிந்தோடாமல் குவிந்த முண்டு ஒன்று உச்சியருகே தலைகாட்டியது. ஒரு நாடியை மட்டும் பிடித்து முடிவு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவுக்கும் இந்தப் படியில் ஒரு பணி உண்டு. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டரில் உள்ள பாரன் தீவு, 1991-இல் நெடுங்கால உறக்கம் கலைந்து வெடிக்கத் தொடங்கியது. அதன் பிறகு பலமுறை சாம்பல் கக்கியிருக்கிறது. அங்கே மக்கள் குடியிருப்பு இல்லை. ஆயினும் அந்தச் சாம்பல் விமானப் பாதைகளுக்கு ஆபத்து என்பதால் செயற்கைக்கோள் வழியே கவனிக்கப்படுகிறது. 1982-இல் இந்தோனேசியாவின் கலுங்குங் மலையின் சாம்பலுக்குள் புகுந்த பயணிகள் விமானம் ஒன்றின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோனதும், அது பெரும் உயரத்தை இழந்த பின்னரே எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற்றதும் விமானத் துறை மறவாத நிகழ்வு.

நான்காம் படி: நிகழ்தகவாகக் கணித்தல்

எந்த நாள், எந்த மணி என்று எரிமலையியல் உறுதியாகச் சொல்லாது. அது சொல்லக்கூடியது கிளைவிடும் மரம் போன்ற ஒரு கணக்கு: இந்தக் கலக்கம் வெடிப்பில் முடிய எவ்வளவு வாய்ப்பு, முடிந்தால் சிறிதா பெரிதா, பெரிதானால் எந்தப் பள்ளத்தாக்கு. பினாட்டுபோவில் ஃபிலிப்பைன்ஸ் எரிமலை, நிலநடுக்க ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ரைமுண்டோ புனோங்பாயான், அமெரிக்கக் குழுவை வழிநடத்திய கிறிஸ் நியூஹால் ஆகியோர் இத்தகைய கணக்கையே அதிகாரிகள் முன் வைத்தனர்.

கணக்கு இருபுறமும் பொய்க்கும். 1976-இல் குவாடலூப் தீவில் 70,000-க்கும் மேற்பட்டோர் மாதக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். அஞ்சிய பெருவெடிப்பு வரவில்லை. 2014 செப்டம்பர் 27 அன்று ஜப்பானின் ஒந்தாக்கே மலையில் எச்சரிக்கை நிலை மிகக் குறைந்த படியில் இருந்தபோதே நீராவி வெடிப்பு நிகழ்ந்து, காணாமற்போனவர்களையும் சேர்த்து 63 மலையேறிகள் இறந்தனர். இந்த இரண்டையும் மக்களிடம் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வராமற்போகலாம் என்று தெரிந்தே வெளியேறியவர் மறுமுறையும் வெளியேறுவார். நிச்சயம் வரும் என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர் மறுமுறை கதவைத் திறக்க மாட்டார்.

ஐந்தாம் படி: ஊரார் படிக்கக்கூடிய வரைபடமும் எச்சரிக்கை நிலைகளும்

உயரக் கோடுகள் நெளியும் வரைபடம் புவியியலாளருக்குப் புரியும், பலருக்குப் புரியாது. கரீபியத் தீவான மொன்செராட்டில் நடந்த ஆய்வில், மக்கள் தங்கள் இடத்தை வான்வழிப் புகைப்படங்களில் மிக எளிதாக அடையாளம் கண்டனர். ஆகவே வரைபடத்தில் கோயிலும் பள்ளியும் பாலமும் சந்தையும் தெரிய வேண்டும். வரைந்ததும் ஊருக்கு எடுத்துச் சென்று, உங்கள் வீடு எங்கே, சேறு வந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் பாதிப் பேர் விரலைத் தவறான இடத்தில் வைத்தால், குறை வரைபடத்தில்தான் இருக்கிறது.

எச்சரிக்கை நிலைகள் எண்ணிக்கையில் குறைவாகவும், ஒவ்வொன்றுக்கும் உரிய செயல் முன்கூட்டியே முடிவானதாகவும் இருக்க வேண்டும். பினாட்டுபோவில் ஐந்து நிலைகள் வகுக்கப்பட்டன. மூன்றாம் நிலை என்றால் இரண்டு வாரத்துக்குள் வெடிக்கலாம். நான்காம் நிலை என்றால் 24 மணி நேரத்துக்குள். ஐந்தாம் நிலை என்றால் வெடிப்பு தொடங்கிவிட்டது. ஜூன் 5, 7, 9 ஆகிய நாட்களில் இவை அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டன. ஜூன் 10 அன்று கிளார்க் விமானப்படைத் தளத்திலிருந்து ஏறத்தாழ 14,500 பேர் வெளியேறினர். ஜூன் 12 அன்று முதற்பெரும் வெடிப்பு வந்தது. நிலையை உயர்த்தும் அதிகாரம் ஆய்வு நிறுவனத்திடமும், வெளியேற்ற ஆணை ஆட்சியாளரிடமும் இருப்பதே பொதுவழக்கு. அந்த ஆணையை நள்ளிரவில் யார் பிறப்பிப்பார், அவர் ஊரில் இல்லையென்றால் யார் என்பது வரை எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: நம்பும்படி சொல்லுதல்

என் பார்வையில் முழு வழிகாட்டியின் உயிர்நிலை இதுவே. ஆர்மெரோவில் வெடிப்புக்கு முந்தைய பிற்பகலிலேயே சாம்பல் விழுந்தது. அமைதியாக வீடுகளில் இருக்கும்படியே மக்களுக்குச் சொல்லப்பட்டது. அச்சத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற அதிகாரிகளின் அச்சம், சேற்றைவிட முந்திக்கொண்டது.

பினாட்டுபோவில் செய்தி முதலில் கீழிருந்து மேலே வந்தது என்பதைக் கவனியுங்கள். 1991 ஏப்ரல் 2 அன்று மலையில் நீராவி பீறிட்டதைக் கண்டவர்கள், அங்கே வாழ்ந்த அயிட்டா பழங்குடியினர். அவர்களோடு பணியாற்றிய கன்னியாஸ்திரிகளின் துணையோடு அச்செய்தி ஆய்வு நிறுவனத்தை எட்டியது. பிறகு செய்தி மேலிருந்து கீழே இறங்க ஒரு காணொளி உதவியது. எரிமலைகளை மிக அருகில் சென்று படம்பிடித்த பிரெஞ்சு ஆய்வாளர் மோரீஸ் கிராஃப்ட் எடுத்த காட்சிகளைக் கொண்டு, சுடுசாம்பல் பெருக்கு எப்படி இருக்கும், லாஹார் எப்படி ஓடும் என்று அதிகாரிகளுக்கும் பொதுமக்களுக்கும் திரையிட்டுக் காட்டினர். சொல்லில் நம்பாதவர்கள் கண்ணால் கண்டபின் நம்பினர். அந்த மோரீஸும் அவர் மனைவி காட்யாவும், பினாட்டுபோ பெருவெடிப்புக்குப் பன்னிரண்டு நாட்கள் முன்னதாக, ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் மலையில் சுடுசாம்பல் பெருக்கில் இறந்தனர்.

ஈக்வடாரின் துங்குராவா மலையில் மற்றொரு நல்ல வழி பிறந்தது. 1999-இல் வெளியேற்றப்பட்ட பான்யோஸ் நகர மக்கள், சில மாதங்களில் தடையை மீறி வீடு திரும்பினர். அதன்பின் அடிவாரத்து விவசாயிகள் ‘விஹியா’ எனப்படும் காவலர்களாகத் தன்னார்வத்தோடு முன்வந்தனர். வானொலிக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, தாம் கண்டதையும் கேட்டதையும் அன்றாடம் ஆய்வு மையத்துக்குச் சொன்னார்கள். மையம் சொன்னதை ஊருக்குச் சொன்னார்கள். ஆபத்து வந்த நாளில் கதவைத் தட்டியது முகமறியாத அதிகாரி அல்ல, பக்கத்து வயல்காரர். இத்தகைய வலையை எந்த எரிமலை நாட்டிலும் குறைந்த செலவில் உருவாக்கலாம்.

மரபு நம்பிக்கையை எள்ளி நகையாடுவது பெருந்தவறு. மெராபியின் காவலராக அரண்மனையால் நியமிக்கப்பட்டு, மக்களின் பெருமதிப்பைப் பெற்றிருந்த ம்பா மரிஜான், 2010-இல் மலையைவிட்டு இறங்க மறுத்து, அக்டோபர் 26 அன்று தம் வீட்டிலேயே இறந்தார். 2006-இலும் அவர் இறங்கவில்லை, அப்போது தப்பினார். அதனால் அவர் சொல்லுக்கு மதிப்பு கூடியிருந்தது. இப்படிப்பட்டவர்களோடு மலை அமைதியாக இருக்கும் ஆண்டுகளில் உட்கார்ந்து பேசி உறவு வளர்க்க வேண்டும்; சங்கு ஊதியபின் பேசத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

ஏழாம் படி: வெளியேற்றத்தைத் திட்டமிடுதல்

ஒருவர் ஏன் வீட்டைவிட்டு வர மறுக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்வதிலிருந்து இந்தத் திட்டம் தொடங்க வேண்டும். மெராபியின் சரிவில் அந்தக் காரணம் பெரும்பாலும் பசுவாக இருக்கிறது. பால் மாட்டை விட்டுவிட்டு முகாமுக்கு வந்தவர், மறுநாள் விடியலில் புல் அறுத்துப் போடவும் பால் கறக்கவும் தடைப்பகுதிக்குள் திரும்பிச் செல்கிறார். மாட்டுக்கு இடமும் தீவனமும் இல்லாத திட்டம், மனிதரையும் காக்காது. 2010-க்குப் பிறகு அங்கே ‘சகோதர கிராமம்’ என்ற முறை வந்தது: ஆபத்துப் பகுதி ஊர் ஒன்றும் பாதுகாப்பான ஊர் ஒன்றும் இணையாகி, யார் எந்த இடத்தில் தங்குவது, கால்நடை எங்கே நிற்பது, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்வது என்று முன்பே ஒப்புக்கொள்கின்றன. கல்யாண வீட்டுக்கு உறவினர் வந்து தங்குவது போன்ற இந்த ஏற்பாடு, கூடாரங்களைவிட எவ்வளவோ மேல்.

இவற்றோடு முதியோர், நோயாளர், நடக்க இயலாதோர் ஆகியோரின் பட்டியலும், அவர்களுக்குரிய வாகனமும், ஆற்றைக் கடக்காத சாலையும் வேண்டும். முகாமில் குடிநீர், கழிப்பறை, தடுப்பூசி ஆகியவை முதல் நாளிலேயே தேவை. பினாட்டுபோ வெடிப்பிலிருந்து தப்பிய அயிட்டா குழந்தைகள் பலர், முகாம்களில் பரவிய தட்டம்மைக்குப் பலியாயினர். மலையிடமிருந்து காத்தவர்களை முகாமில் இழப்பது பொறுக்க முடியாத துயரம்.

வெளியேற்ற எல்லையை விரிக்கத் தயங்கக் கூடாது. மெராபியில் 2010 நவம்பர் 5 அதிகாலை அந்த எல்லை 20 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டது. அந்த வெடிப்பில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் முன்னறிவிப்பும் வெளியேற்றமும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்தன என்று மதிப்பிடப்பட்டது. கரீபியத் தீவான செயின்ட் வின்சென்ட்டில் 2021 ஏப்ரல் 8 அன்று, கொரோனா காலத்தின் நடுவிலும் வெளியேற்ற ஆணை பிறந்தது. மறுநாள் காலையில் லா சூஃப்ரியேர் வெடித்தது. 1902-இல் ஏறத்தாழ 1,600 பேரைக் கொன்ற அதே மலை அது.

எட்டாம் படி: சாம்பல் பொழியும்போது வீட்டில் செய்ய வேண்டியவை

அடுப்புச் சாம்பலோடு இதை ஒப்பிடக் கூடாது. எரிமலைச் சாம்பல் என்பது நொறுங்கிய பாறையும் கண்ணாடியும். நீரில் கரையாது, கண்ணைக் கீறும், நனைந்தால் மின்சாரம் கடத்தும். மழையில் நனைந்த 10 சென்டிமீட்டர் சாம்பல், ஒரு சதுர மீட்டர் கூரையின்மீது 100 கிலோவுக்கும் அதிகமான சுமையாகும். பினாட்டுபோ வெடித்த அதே நாளில் யுன்யா புயலும் கரை கடந்ததால் சாம்பல் சேறாகிக் கனத்தது. அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் இடிந்த கூரைகளுக்கு அடியில் இறந்தவர்கள்.

சன்னல், கதவு இடுக்குகளை ஈரத் துணியால் அடையுங்கள். குடிநீர்த் தொட்டியை மூடி, கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் மழைநீர்க் குழாயைக் கழற்றிவிடுங்கள். வெளியே போக நேர்ந்தால் என்-95 முகக்கவசமும் முழுமையாக மூடும் கண்ணாடியும் அணியுங்கள். கான்டாக்ட் லென்ஸை எடுத்துவிடுங்கள். வண்டியின் வைப்பரை உலர்ந்த சாம்பல்மீது ஓட்டினால் கண்ணாடி கீறிப்போகும். கூரையில் கனம் சேரும் முன், பொழிவு ஓயும் இடைவெளிகளில், சிறிது நீர் தெளித்து வழித்தெடுங்கள். நிறைய நீர் ஊற்றினால் பாரம் கூடும், சாக்கடையில் விட்டால் சிமெண்ட் போல இறுகி அடைக்கும். கூரைமேல் ஏறுபவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வதும், கீழே ஒருவர் நிற்பதும் கட்டாயம். சாம்பல் படிந்த புல்லைக் கால்நடைகளுக்குக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள ஃபுளோரைடு அவற்றைக் கொல்லக்கூடும்.

ஜப்பானின் ககோஷிமா நகரத்தார், எதிரே நிற்கும் சகுராஜிமாவின் சாம்பலோடு அன்றாடம் வாழ்கிறார்கள். அங்கே நகராட்சியே சாம்பல் அள்ளுவதற்கென மஞ்சள் பைகளைத் தருகிறது. வீட்டு முன்புறத்தைப் பெருக்கி, பையைக் கட்டி, குறித்த இடத்தில் வைத்தால் எடுத்துச் செல்வார்கள். நாம் வாசல் தெளிப்பது போல அவர்களுக்கு அது வழக்கமாகிவிட்டது. பாலி, ஜாவா எனச் சுற்றுலா செல்வோர், புறப்படும் முன் அந்நாட்டு எரிமலை மையத்தின் எச்சரிக்கை நிலையையும் தடைப்பகுதி எல்லையையும் பார்த்துவிட்டு, வழிகாட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும் அந்த எல்லையைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: வெடிப்பு ஓய்ந்தபின் மழையைக் கவனித்தல்

பினாட்டுபோவின் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் கன கிலோமீட்டர் கணக்கில் தளர்ந்த சாம்பல் தங்கிவிட்டது. பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அதை லாஹாராக இறக்கியது. எனவே மலை அடங்கியதும் கருவிகளைக் கழற்றிவிடாமல், மேல் ஆறுகளில் மழைமானிகளையும், சேற்றுப் பெருக்கின் நில அதிர்வை உணரும் கருவிகளையும் பொருத்த வேண்டும். கரையோர மேடுகளில் இரவும் பகலும் ஆட்களை அமர்த்த வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் பின்னர் அபாய வரைபடத்தைத் திருத்த வேண்டும். ஏனெனில் ஆறே தன் தடத்தை மாற்றிக்கொள்கிறது, நேற்று மேடாக இருந்தது இன்று வாய்க்காலாகிறது. அணைக்கரைகள் உதவும். ஆனால் கரை எழுந்துவிட்டது என்ற துணிவில் அதன் நிழலிலேயே வீடு கட்ட அனுமதிக்கக் கூடாது.

பெருவெடிப்புக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1995 அக்டோபர் 1 அன்று, புயல் மழையோடு வந்த லாஹார் பகோலோர் நகரத்தை மூடியது. அங்கேயிருந்த சான் கில்லெர்மோ தேவாலயம் ஏறத்தாழ 6 மீட்டர் ஆழத்துக்குப் புதைந்தது. அதை முழுவதும் தோண்டி எடுக்காமல், உள்ளே தரையை உயர்த்தி மக்கள் வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். அன்று உயரத்தில் இருந்த சன்னல்களின் வழியாகவே இன்று ஆலயத்துக்குள் நடந்து செல்கிறார்கள்.